உடும்பு வரை போன அம்பு

மாயக்கதைப் புத்தகம் கைக்கு வந்தால், உள்ளே வரைபடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அட்டைக்கு அடுத்த தாளில் மலையும் ஆறும் காடும் வரைந்து, இல்லாத ஊர்களுக்கெல்லாம் பெயர் எழுதியிருந்தால் பாதிக் கதை அங்கேயே பிடித்துவிடும். டோல்கியன் 1937இல் 'ஹாபிட்' வெளியிட்டபோதே அதற்குள் வரைபடம் வைத்தார். கதை மாந்தர் கால் வைக்காத இடங்களுக்கும் அதில் பெயர் உண்டு. போகாத ஊருக்கு வழி சொல்வது நம் ஊரில் வசவு. இந்தவகைப் புத்தகம் படிக்கிறவர்களுக்கு அதுதான் சுகம்.

நாமக்கல் பேருந்து நிலையத்தில் செம்மேட்டு வண்டிக்காகக் காத்திருந்தபோது கொல்லிமலையின் ஊராட்சிப் பெயர்களை வரிசையாகப் படித்தேன். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, குண்டனி நாடு, எடப்புளி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு... மொத்தம் 14 நாடுகள். சுமார் 280 சதுர கிலோமீட்டர் மலைக்குள் 14 நாடு! எந்த மாயக்கதை எழுத்தாளனும் இந்தப் பட்டியலைப் பார்த்தால் பொறாமைப்படுவான். அதில் பைல் நாடு என்ற பெயரில் கண் நின்றது. காரணம் எதுவும் இல்லை. வரைபடத்தில் விரல் வைத்த இடத்துக்குப் போவது என் பழைய வழக்கம், இதுவரை புத்தகங்களுக்குள் மட்டும்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி சோதனைச் சாவடியில் வண்டி நின்று மூச்சு விட்டுக்கொண்டது. அங்கிருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். இருபதாவது வளைவுக்குள் பின்இருக்கையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. நடத்துநர் எதுவும் சொல்லாமல் மண் தூவினார். பழக்கப்பட்ட கை.

பக்கத்து இருக்கையில் சேலத்துக்காரர், பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர். எதற்காகப் போகிறேன் என்று கேட்டார். இந்த மலையில் நிற்பதாகப் பழம்பாட்டுகள் சொல்லும் கொல்லிப்பாவைக்காக என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அது அந்தக் காலத்து ரோபோ சார். ஆள் கிட்ட வந்தா கண்டுபிடிச்சிரும், சிரிக்கும், உடனே அடிச்சிரும். மோஷன் சென்சார் இல்லாம எப்படி சார் முடியும்? நம்ம ஆளுங்க எல்லாத்தையும் அப்பவே பண்ணிட்டாங்க."

எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முப்பதாவது வளைவில் வாய் திறந்து பேசும் நிலையில் நான் இல்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு அம்புலிமாமாவில் தொடங்கியது. 1947இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டில் நடக்கும் படம் மாதாமாதம் வரும். வரைந்தவர் சங்கர். கே.சி. சிவசங்கரன் என்பது முழுப்பெயர், கொங்கு நாட்டுக்காரர், 2020இல் மறைந்தார். அந்த வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிப் போகும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும், அடுத்த மாதமும் கதை உண்டு என்று. அப்புறம் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ். 1972இல் அதன் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யை நான் வெகுகாலம் கழித்து, மேலட்டை கிழிந்த பழம்பிரதியாகப் படித்தேன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் ஆசாமி. எங்கள் தெருவில் நாலைந்து பேர் பிளக் பாயின்ட்டில் விரல் விடாமல் தப்பித்தது அவரவர் அம்மாக்களின் புண்ணியம்.

பிறகு சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்று ஓர் எந்திர நாய். 2021ஆம் ஆண்டில் நடக்கும் கதை. சர்வாதிகாரி, எல்லோருக்கும் எண், குழந்தை பெற அனுமதி, இத்தனைக்கும் நடுவில் அந்த நாய் யோசிக்கும், வாய்த்துடுக்காகப் பேசும். கதையை இன்று மறந்தவர்கள்கூட ஜீனோவை மறக்கவில்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்கு பெற்ற மனிதர், எந்திரத்துக்கு எந்த இடத்தில் திருகு, எந்த இடத்தில் குறும்பு என்று அறிந்திருந்தார்.

இந்த ஆசையைத் தமிழ் இலக்கிய நண்பர்கள் கொஞ்சம் ஏளனமாகவே பார்ப்பார்கள். வளர்ந்த பிறகு விட்டுவிட வேண்டிய பழக்கம் என்பது அவர்கள் கட்சி. புதுமைப்பித்தனே 'கபாடபுரம்' எழுதிக் கடலுக்கடியில் போனார், கடவுளைச் சென்னைத் தெருவில் கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிவிட்டார் என்று சொன்னால், அது வேறு என்பார்கள். எது வேறு என்று கேட்டால் காபி வந்துவிடும்.

சோளக்காட்டில் காபி வந்தது. கூடவே ஆட்டுக்கால் கிழங்கு சூப். முடவாட்டுக்கால் என்பது அதன் முழுப்பெயர். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு, பழுப்பு ரோமம் போர்த்து அப்படியே ஆட்டின் காலாக இருக்கிறது. தோலைச் சீவி, மிளகு தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துக் கடைதோறும் தருகிறார்கள். ரோமம் முளைத்த கிழங்கைத் தின்னும் மலைமக்கள் என்று யாராவது ஒரு நாவலில் எழுதியிருந்தால், கற்பனை கொஞ்சம் அதிகம் என்று பென்சிலில் குறித்திருப்பேன். மூட்டுவலிக்கு நல்லது என்றார் கடைக்கார அம்மா. எனக்கு மூட்டுவலி இல்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

செம்மேட்டில் குதிரைமேல், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆடி 17, 18இல் அவன் பெயரால் அரசு விழா நடக்கும். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படையில் இரண்டு பேரும் இரண்டு குதிரையும் மோதுவதைப் படிக்கும்போது யார் மேல் யார் என்று விரல் வைத்துத்தான் படிக்க வேண்டும். காரி வென்று, இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். சிலை இருக்கும் சாலைச் சந்திப்பில் அன்னாசி விற்கிறார்கள். மலை யார் கைக்குப் போனாலும் பழம் இனிப்பு.

பைல் நாட்டுப் பக்கம் நடந்தே போனேன். சில்வர் ஓக் மரங்கள் நெட்டையாக நிற்க, அவற்றைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருக்க, நிழலில் காப்பிச் செடி. ஒரே நிலத்தில் மூன்று தளம். வெயில் படும் சரிவுகளில் மரவள்ளி. அங்கங்கே சாமையும் கேழ்வரகும் இன்னும் உண்டு. முன்பு இந்த மலையே சிறுதானியத்தால் பசியாறியது, மரவள்ளி ஆலைக்குப் போய்ப் பணமாகத் தொடங்கியதும் சாமைக்காடு சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இங்கே பழைய சாமை, தினை விதைகளைக் காக்கவும் உமி நீக்கும் எந்திரங்களை ஊருக்குள் கொண்டுவரவும் பாடுபட்டிருக்கிறது. உரலில் சாமை குத்திய பெண்களைக் கேட்டால் அந்த எந்திரம்தான் மலையின் முதல் அதிசயம் என்பார்கள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். மலையாளி இனத்தவர். மலையை ஆள்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் இவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் பிரிந்து, கொல்லிமலை, சேர்வராயன், பச்சைமலை என்று ஆளுக்கொரு மலை ஏறிய கதையைச் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் தயக்கமே இல்லை, போன வருடம் நடந்ததைச் சொல்வதாகவே இருந்தது. பிறகு நான் பாவையைப் பற்றிக் கேட்டேன்.

"எட்டுக்கை அம்மன்தானுங்க அவ. காட்டுக்குள்ள கோயில் இருக்குது. அசுரனுங்க தவசிங்கள இம்சை பண்ணுனாங்க, தேவருங்க அவளச் செஞ்சு நிறுத்திட்டாங்க. அவ சிரிச்சா போச்சு."

"பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களாங்கய்யா?"

அவர் மிளகைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தவன் எப்படிங்க திரும்பி வந்து சொல்லுவான்?"

"அப்ப அவ அழகா இருப்பான்னு எப்படித் தெரியும்?"

"பாட்டுக் கட்டுனவனுக்குத் தெரிஞ்சிருக்குதில்ல?"

இதற்கு மேல் என்ன கேட்பது? முப்பது வருடமாக மாயக்கதை படிக்கிறவன், உள்ளே ஓட்டை இல்லாத ஒரு கதையைக் கண்டால் தலைவணங்கத்தான் வேண்டும்.

பாட்டுக் கட்டியவர்களும் சாமானியர் இல்லை. பரணர், கபிலர், கல்லாடனார். குறுந்தொகையில் 89, 100, நற்றிணையில் 192, 201, அகநானூற்றில் 209, இன்னும் சில இடங்களிலும் இந்தப் பாவை வருகிறாள். படித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. ஒரு பாட்டில் அவள் தெய்வம் தீட்டியவள். இன்னொன்றில் பூதம் செய்து நிறுத்தியவள். வேறொன்றில் கடவுள் ஆக்கியவள். தயாரிப்பாளர் யாரென்றே ஒருமித்த கருத்தில்லை! பரணர் ஓரிடத்தில் காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் அவள் அழகு குலையாது என்கிறார். மேற்குச் சரிவில் நிற்பவள் என்பதில் மட்டும் பல பாட்டுகள் ஒத்துப்போகின்றன. அந்த மேற்குச் சரிவுக்காரிமேல் இளவெயில் படுவதாக நற்றிணை 192 சொல்கிறது. காலை வெயில் மேற்குச் சரிவில் எப்படி விழும் என்று என்னைப் போன்றவர்கள் நச்சரிப்போம். மாலை வெயிலும் இளவெயில்தான் என்று இன்னொருவர் வந்து சமாதானம் சொல்வார். நல்ல மாயக்கதை எப்போதும் இப்படிச் சண்டைக்கு இடம் வைத்திருக்கும்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறு. நான் படித்த இந்தப் பாட்டுகள் எதிலும் பாவை நகர்வதில்லை, சிரிப்பதில்லை, யாரையும் கொல்வதில்லை. ஒரு பெண்ணின் அழகைச் சொல்ல வந்த இடத்தில், கொல்லிப்பாவை மாதிரி என்று ஒரு சொல்லில் தொட்டுவிட்டுப் புலவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். யார் அவள், எதற்காக அங்கே நிற்கிறாள், ஒரு விளக்கமும் இல்லை. கேட்கிறவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கை. டோல்கியன் 1954-55இல் மூன்று பாகமாக வெளியிட்ட பெருங்கதையில் இதே வித்தையைச் செய்தார். பழைய போர், பழைய அரசன் என்று பெயரை மட்டும் வீசிவிட்டு நடந்துவிடுவார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் உலகமே இருக்கிறது என்று வாசகன் தானாக நம்பிக்கொள்வான். சிரிப்பு, அசைவு, அசுரவதம் எல்லாம் பின்னாளில் கதை கேட்டவர்கள் சேர்த்தவை. சிலப்பதிகாரம் சொல்லும் பதினொரு ஆடல்களில் ஒன்றாக, அவுணர் அழியத் திருமகள் ஆடிய பாவைக்கூத்து வருகிறது. கோயிலுக்குள் எட்டுக் கையோடு உட்கார்ந்தது அதற்கும் அப்பால்.

ரோபோ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தது 1920இல் செக் எழுத்தாளர் காரல் சாபெக் எழுதிய நாடகம். அதில் ரோபோக்கள் மனிதனுக்காக உழைத்து, கடைசியில் அவனையே எதிர்த்து எழுகின்றன. கொல்லிப்பாவைக்கு எஜமான் இல்லை, வேலைநேரம் இல்லை. அவளைப் பிடித்து ரோபோ ஆக்கினால் நம் பெருமை ஏறுவதாகச் சேலத்து இளைஞர் நினைக்கிறார். எனக்கு அது இறக்கமாகப் படுகிறது. சென்சார் பொருத்திவிட்டால் அடுத்த கேள்வி பேட்டரி எங்கே என்பதுதான். சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் ஒரு மயிற்பொறி பறக்கவிடுகிறார். கர்ப்பிணி அரசி விசயை அதில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள். பொறியை வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். இதை வைத்து அன்றே விமானம் என்று மேடையில் முழங்குகிறவர்கள், ஒருத்தி தனியாகச் சுடுகாட்டில் பிள்ளை பெறும் அந்த இரவைக் கவனிப்பதே இல்லை. தேவர் மயிலைச் செய்தது அந்த இரவுக்காக.

மணிமேகலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். மணிமேகலா தெய்வம் தூங்கும் பெண்ணைத் தூக்கிக் கடலுக்கு அப்பால் மணிபல்லவத் தீவில் கொண்டு வைக்கிறது. அங்கே அவளுக்கு மூன்று மந்திரம் கிடைக்கிறது. வேறு உருவம் எடுக்க ஒன்று, வானத்தில் பறக்க ஒன்று, பசியைப் பொறுக்க ஒன்று. முதல் இரண்டும் உலகத்தில் எந்த மாயக்கதையிலும் உண்டு. மூன்றாவதை வேறெங்கும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சாமைக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து இதை யோசித்தபோது, பசிக்கென்று ஒரு மந்திரத்தைத் தனியாக ஒதுக்கிய சாத்தனார் கண்டிப்பாகப் பஞ்சம் பார்த்தவர் என்று தோன்றியது. பிறகு அந்த மந்திரம் போதாது என்று அமுதசுரபியையும் கொடுத்துவிடுகிறார்.

மறுநாள் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனேன். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும், ஏற வேண்டும். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குக் கோயில் ஓரம் ஓடும் அய்யாற்று மீன்கள் போதும். இங்கே ஒருவன் மீனை அறுத்துக் குழம்பு வைத்தானாம். துண்டுகள் பொருந்தி உயிர்பெற்று ஆற்றுக்குள் துள்ளிவிட்டனவாம். அன்றிலிருந்து இந்த மீனை யாரும் தொடுவதில்லை, பொரி போடுகிறார்கள். பொரிக்கு வாய் பிளந்து வரும் கூட்டத்தில் முதுகில் கோடு விழுந்த ஒரு மீனைக் காட்டி, அதுதான் தையல் என்று ஒரு சிறுமி தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கோயில் கதையில் தையல் கிடையாது. அவள் சேர்த்தது.

கொல்லிப்பாவை என்ற பெயரில் ஒரு சிற்றிதழே இருந்தது. 1976இல் ராஜமார்த்தாண்டன் நாகர்கோவிலில் தொடங்கினார். பிற்காலத்தில் 'விஷ்ணுபுரம்' எழுதி, ஒரு கோயில் நகரத்தையே கற்பனையில் கட்டி எழுப்பிய ஜெயமோகனின் 'கைதி' கவிதை அதில்தான் வந்தது. சுஜாதாவும் தன் பிற்கால ஆண்டுகளில் குறுந்தொகை முழுவதையும் '401 காதல் கவிதைகள்' என்று எளிய தமிழில் எழுதினார். அப்படியானால் 89ஐயும் 100ஐயும் எழுதும்போது ஜீனோவின் தகப்பனார் பாவையை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார்! அவர் நினைத்திருந்தால் அவளுக்கு ஒரு மைக்ரோ பிராசசர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. என் கட்சிக்கு அவரை இழுத்துக்கொள்ள எனக்கு இது போதும்.

இறங்கும்போது கடைசிப் பேருந்து போய்விட்டது. அன்னாசி ஏற்றிய ஒரு பிக்கப் வண்டியில் முன்னால் இடம் கிடைத்தது. ஓட்டுநர் மலைக்காரர், பேச்சுத்துணை கிடைத்த உற்சாகத்தில் வளைவுகளை ஒரு கையால் திருப்பினார். ஓரியின் வில்லைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். புறநானூறு 152, வன்பரணர் பாட்டு. பாணர் கூட்டம் காட்டில் ஒரு வேடனைப் பார்க்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, பக்கத்துப் புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. பாணர் பாடி அவன் பேரைச் சொன்னதும் கூச்சப்பட்டு, இறைச்சியும் கள்ளும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான்.

அவர் இரண்டு வளைவு வரை யோசித்தார். "நாலு வரைக்கும் சரிங்க சார். உடும்புதான் கொஞ்சம் ஓவர்."

உடும்பை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் ஜம்பம் என்றேன். யானை, புலி என்று பெரிசு பெரிசாக எவனும் அடுக்குவான். யாரும் குறி வைக்காத, புற்றோரம் சும்மா கிடந்த ஒரு பிராணியை வன்பரணர் பார்த்திருக்கிறார். அம்பு எங்கே போய் நின்றது என்று தேடிப் போனவன்தான் உடும்பைச் சொல்ல முடியும். பொய்யில் மெய் ஏறுவது அந்த இடத்தில்தான்.

"அதுவும் சரிதான். நம்ம காட்டுல புத்துக்குப் பக்கத்துல உடும்பு இருக்குமுங்க." கியரைக் குறைத்தார். "ஆனா யானை எலும்புல அம்பு மாட்டிக்கும் சார். யானைக்கு வயித்தோரமா அடிச்சிருக்கணும். புலி தாவுற நேரமாப் பாத்து... இருங்க, பன்னிதான் உசரம் ஒத்துவரலை. பன்னிய முன்னாடி வெச்சுட்டு மானப் பின்னாடி கொண்டாந்துட்டா அம்பு நேரா இறங்கிரும்."

புலவர் வைத்த வரிசையை மாற்றக்கூடாது என்று சொன்னேன். சரிவு எந்தப் பக்கம் என்று பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியென்றால் மேட்டிலிருந்து கீழ்நோக்கி விட்ட அம்பாக வைத்துக்கொள்ளலாம், பன்றியின் உயரச் சிக்கல் தீர்ந்தது என்றார். காளப்பநாயக்கன்பட்டியில் அன்னாசியை இறக்கும்வரை நான் ஒத்துக்கொள்ளவில்லை.